லாவெண்டர் வேண்டாம், சரவணா

தியாகராய நகர்,
புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை.

அன்புள்ள சரவணனுக்கு,

சித்தி எழுதுவது. நீ, கவிதா, குட்டி மூவரும் நலம்தானே? போனில் பேசினால் "சரி சித்தி, பார்க்கலாம் சித்தி" என்று சொல்லிக்கொண்டே மறுகையால் லேப்டாப்பைத் தட்டுவாய். உன்னை எனக்குத் தெரியாதா? அதனால்தான் கடிதம். கூரியரில் அனுப்புகிறேன். கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கவேண்டும், கிடைக்கவில்லை என்று பிறகு கதை விட முடியாது.

அக்கா முந்தாநாள் ராத்திரி போன் செய்து ஒரே புலம்பல். கவிதாவின் பெரியப்பாவுக்கு நொச்சிக்காட்டுப் பக்கம் இரண்டு ஏக்கர் சும்மா கிடக்கிறதாம், அதைக் குத்தகைக்கு எடுத்து லாவெண்டரும் ரோஸ்மேரியும் போடப்போகிறாயாம், தை மாதத்தோடு வேலைக்கும் முழுக்காம். வேலையை விடுவதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன். முதலில் இந்த லாவெண்டர். கடலூர் வெயிலில், கடலுக்குப் பக்கத்தில், லாவெண்டரா? யாரடா சொன்னது உனக்கு?

நீ அனுப்பிய வீடியோவை நானும் சித்தப்பாவும் பார்த்தோம். மலைச்சரிவு முழுக்க ஊதாப் பூ, அழகாகத்தான் இருக்கிறது. அது ஜம்மு-காஷ்மீரில் தோடா மாவட்டத்தில் உள்ள பதேர்வா. ஐயாயிரம் அடிக்கு மேலே. மக்காச்சோளம் போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு ஜம்முவில் உள்ள சிஎஸ்ஐஆர் ஆய்வகம் நாற்றும் கொடுத்து, எண்ணெய் காய்ச்சும் பட்டறையும் வைத்துக் கொடுத்தது. 'ஊதாப் புரட்சி' என்று பேப்பரில் எல்லாம் வந்தது. நடந்தது நிஜம், அந்த ஜனங்களுக்குக் காசு வந்ததும் நிஜம். ஆனால் அங்கே குளிர்காலத்தில் பனி விழுகிறது. லாவெண்டருக்கு அந்தக் குளிரில் ஒரு தூக்கம் வேண்டும். தூங்கி எழுந்தால்தான் மொட்டு வைக்கும். நொச்சிக்காட்டில் மார்கழி ராத்திரியில்கூட மின்விசிறியை நிறுத்தமுடியாது. அது எங்கே தூங்கும்?

குளிராவது போகட்டும். லாவெண்டர், ரோஸ்மேரி, தைம் எல்லாம் மத்தியதரைக்கடல் ஓரத்துச் செடிகள். அங்கே கோடை காய்ச்சலாக இருக்கும், மழை குளிர்காலத்தில் நிதானமாகப் பெய்யும், காற்றில் ஈரம் குறைவு, மண் சரளை. நம் கடற்கரையில் எல்லாம் தலைகீழ். வருஷத்து மழையில் பாதிக்கு மேல் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டித் தீர்க்கிறது. கோடையில் மழை இல்லாவிட்டாலும் காற்று பிசுபிசுவென்று இருக்கிறது. வெயிலை ரோஸ்மேரி தாங்கும். வெதுவெதுப்பான ஈரத்தில் வேர் நிற்பதைத்தான் தாங்காது, அழுகிவிடும். பெங்களூரில் உன் பால்கனித் தொட்டியில் ரோஸ்மேரி செழிப்பாக வருகிறது என்று கணக்குப் போட்டிருப்பாய். பெங்களூர் மூவாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது, கண்ணா. உன் செடிக்கு அந்த உயரம்தான் பாதி வேலையைச் செய்கிறது. ரோஸ்மேரியும் தைமும் தமிழ்நாட்டில் வேண்டுமென்றால் நீலகிரிக்குப் போ.

"சித்திக்கு எல்லாம் தெரிந்த மாதிரி" என்று முணுமுணுக்காதே. சித்த மருந்து செய்கிற இடத்தில் கொள்முதல் பிரிவில் உட்கார்ந்து என் கண்ணும் மூக்கும் தேய்ந்திருக்கின்றன. சின்ன வயதில் நீ லீவுக்கு வரும்போதெல்லாம் என் புடவையில் வசம்பு நாற்றம் என்று மூக்கைப் பொத்திக்கொள்வாயே, ஞாபகம் இருக்கிறதா? ராசப்ப செட்டித் தெருவில் மொத்த வியாபாரிகள் காட்டுகிற சாம்பிளைக் கசக்கி மோந்தே, இது எந்த மாதத்து அறுப்பு என்று சொல்லியிருக்கிறேன்.

துளசியையே எடுத்துக்கொள். ஒரே ஊர், ஒரே ஆள், ஒரே நிலம். பங்குனியில் வருகிற மூட்டையும் கார்த்திகையில் வருகிற மூட்டையும் ஒன்றாக இருக்காது. பங்குனி இலை சின்னதாக, கருத்து, தொட்டால் மொடமொடவென்று இருக்கும். மூட்டையின் வாயை அவிழ்க்கும்போதே கிராம்பு நெடி மூக்கில் ஏறும். மழைக்காலத்து இலை பெரிசாக, வெளிறி, நெடி மந்தமாக இருக்கும். அதோடு போகாது. மழை நாளில் இலை காயவே காயாது. நிழலில் பரப்பி வைத்தால் நாலு நாளில் கறுத்துப் பூசணம் பிடிக்கும். அவசரப்பட்டு அடுப்புச் சூட்டில் காயவைத்தால் இருக்கிற வாசனையும் ஆவியோடு போய்விடும். விளைகிறபோது ஒரு நஷ்டம், காய்கிறபோது இன்னொன்று.

லேபில் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கிளெவெஞ்சர் என்று ஒரு கண்ணாடிச் சாமான் உண்டு. உருண்டைக் குடுவையில் இலையையும் தண்ணீரையும் போட்டு மணிக்கணக்கில் கொதிக்க விடுவார்கள். ஆவி குளிர்ந்து, அளவுக்கோடு போட்ட மெல்லிய குழாயில் சொட்டுச் சொட்டாக இறங்கும். தண்ணீருக்கு மேலே எண்ணெய் வெளிர்மஞ்சளாக ஒரு கோடு மாதிரி நிற்கும். கோடையில் வந்த இலைக்கு அந்தக் கோடு தடிமனாக நிற்கும். மழை இலைக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடவேண்டும். எடை போட்டு வாங்கிய மூட்டை ரெண்டும் ஒன்றுதான், உள்ளே இருக்கிற சரக்கு ஒன்றில்லை. மருந்துக்காரன் பார்ப்பது அந்தக் கோட்டை மட்டும்தான்.

செடி நமக்காகவா மணக்கிறது? இலையின் மேல்தோலில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன, எண்ணெய் அவற்றில்தான் தங்குகிறது. பூச்சி கடிக்காமல் இருக்க, வெயிலின் கொடுமையைத் தாங்க, அது தனக்காகச் செய்துகொள்கிற ஏற்பாடு. தண்ணீரும் யூரியாவும் தாராளமாகக் கொடுத்தால் இலை வளரும், மணம் வராது. கொஞ்சம் வெயில், கொஞ்சம் தாகம் வேண்டும். அதற்காக ஒரேயடியாகக் காயவிட்டாலும் ஆகாது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் வற்றிப்போய், எங்கள் தெருவில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றோமே, அந்த வருஷம் மாடித் தொட்டிகளுக்கு அரிசி கழுவின தண்ணீர்தான். துளசி இலை சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சிறுத்துப்போனது. நெடி அபாரம். ஆனால் செடிக்கு நாலு இலை! வீட்டுக்கு அது போதும். ஏக்கர் கணக்கில் போட்டவனுக்கு எண்ணெய்ச் சதவீதம் ஏறி, இலை எடை இறங்கி, கடைசியில் கையில் என்ன நிற்கும் என்று நீயே போட்டுப் பார். கணக்கில்தான் நீ புலியாயிற்றே.

மாடி என்றதும் ஞாபகம் வருகிறது. கற்பூரவல்லித் தொட்டி இப்போது பூதமாக வளர்ந்து கிடக்கிறது. ஆடியிலிருந்து விட்டுவிட்டுப் பெய்கிற மழையில் இலை வெற்றிலை அகலத்துக்கு விரிந்திருக்கிறது. கிள்ளினால் தண்ணீராக வழிகிறது, வாசனையோ பேருக்குத்தான். சித்திரையில் இதே செடியில் இலை தடித்து, ஓரம் சிவந்து, ஒன்றைக் கிள்ளினாலே கை முழுக்க ஓம வாசனை. பார், சளியும் இருமலும் வருவது மழைக்காலத்தில், அப்போதுதான் இலைக்குச் சத்து குறைவு. அதனால் கீழ்வீட்டுக் குழந்தைக்குக் கோடையில் இரண்டு இலை வாட்டிப் பிழிந்தால் மழையில் நாலாகப் பிழிகிறேன். குட்டிக்கும் அப்படியே செய்யச் சொல் கவிதாவிடம். தேன் கலந்துதான் கொடுக்கவேண்டும், வெறும் சாறு தொண்டையை எரிக்கும். இரண்டு நாளில் கேட்கவில்லை என்றால் டாக்டரிடம் போங்கள், என் பேரைச் சொல்லி வீட்டிலேயே உட்கார்ந்திருக்காதீர்கள்.

தி.நகரில் மாடித்தோட்டம் வைப்பதும் இப்போது லேசில்லை. சுற்றிலும் ஐந்து மாடி எழும்பிக் கடற்காற்றை மறித்துவிட்டது. பக்கத்துக் கட்டடத்தின் ஏசிப் பெட்டிகள் எல்லாம் நம் மாடிப் பக்கம்தான் அனல் ஊதுகின்றன. அந்த வரிசையில் வைத்த மருவு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. 2021 நவம்பரில் ஜி.என். செட்டி சாலையில் தண்ணீர் தேங்கி நின்றபோது கீழ்த்தளத்துத் தொட்டிகள் மிதந்தன. இந்தப் பேட்டையே மாம்பலம் ஏரியைத் தூர்த்து எழுப்பியதுதானே, யாரைக் குறை சொல்வது?

சரி, நொச்சிக்காட்டுக்கு வருகிறேன். உன் அதிர்ஷ்டம் எப்படி என்றால், தேடிப் போகவேண்டிய பயிர் உன் காலடியிலேயே இருக்கிறது, நீ காஷ்மீரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். கடலூர்க் கடலோரத்தில் அந்தச் சுற்று வட்டாரமே வெட்டிவேருக்குப் பேர்போனது. காரணம் மணல். வெட்டிவேரின் வேர் பக்கவாட்டில் படராது, நேரே கீழே ஆளுயரத்துக்கும் மேலே இறங்கும். களிமண்ணில் போட்டால் தோண்டும்போது பாதி அறுந்து மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். மணலில் கொத்துக் கொத்தாக முழுசாக வரும். வெயில் தாங்கும், உப்புத் தண்ணீரை ஓரளவு தாங்கும், வாரக்கணக்கில் வெள்ளத்தில் நின்றாலும் சாகாது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் அடித்தபோது பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. அதற்குப் பிறகு நான் கொள்முதல் விஷயமாக அங்கே போயிருந்தேன். மரம் வைத்திருந்தவர்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்கள். வெட்டிவேர்க்காரர் ஒருவர், "மேலே புல்லுதானேம்மா போச்சு, சரக்கு கீழேதானே இருக்கு" என்றார்.

ஆனால் அவசரக்காரனுக்கு அது ஆகாது. நட்டு ஒரு வருஷமாவது ஆகவேண்டும், அதற்கு மேலும் சில மாதம் விட்டால் இன்னும் நல்லது. காசுக்கு அவசரப்பட்டுச் சீக்கிரம் பிடுங்கினால் வேர் நூலாக இருக்கும், பச்சைப்புல் வாடைதான் வரும். அடி மணம் ஏறியிருக்காது. அப்படிப்பட்ட மூட்டையை நான் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறேன். தோண்டுவதற்கும் காலம் பார்க்கவேண்டும். மழையில் தோண்டினால் வேரைக் கழுவிக் காயவைக்க வெயில் கிடைக்காது. தை பிறந்து, மண் பொலபொலவென்று ஆனபிறகு இறங்கவேண்டும். ஆள் கூலிதான் பெரிய செலவு, இப்போதே விசாரித்துக்கொள். 2012-இல் டெங்கு பரவி ஊரெல்லாம் நிலவேம்புக் குடிநீர் கேட்டபோது, அதில் சேர்கிற வெட்டிவேருக்கும் விலாமிச்சு வேருக்கும் நாங்கள் பட்ட பாடு! அது மாதிரி வருஷத்தை நம்பிக் கணக்குப் போடாதே. கோயில் மாலைக்கும் தட்டிக்கும் பானைக்கும் வாங்குகிறவர்கள் எப்போதும் உண்டு. தைலத்துக்கு என்றால்தான் வேரின் வயதைப் பார்ப்பார்கள்.

அடுத்து, நீ தவனம் பற்றிக் கேட்டதாக அக்கா சொன்னாள். மாசியில் மாம்பலம் பூக்கடைகளில் கட்டுக் கட்டாக வருமே, அந்தத் தவனத் தைலத்துக்கு வெளிநாட்டு செண்டுக்காரர்களிடம் நல்ல மதிப்பு இருக்கிறது, உண்மைதான். ஆனால் அது ஐப்பசி, கார்த்திகையில் விதைக்கிற பயிர். விதை தூசு மாதிரி இருக்கும், அப்போது உன் நிலத்தில் அடைமழை. ஒரு ராத்திரி மழையில் விதையெல்லாம் பங்காளி நிலத்துக்குப் போய்விடும். அதற்கு வேண்டியது மெல்லிய தூறல், ராத்திரிப் பனி, இதமான குளிர்; பூக்கிற நேரத்தில் மழையே கூடாது. ஓசூர், பெங்களூர்ப் பக்கம் அது வரும். கடற்கரைக்கு வேண்டாம்.

புதினாவும் அப்படியே. தலைவலித் தைலத்தில் போடுகிற மென்தால் வருகிற புதினா உத்தரப்பிரதேசத்தில், பாராபங்கிப் பக்கம்தான் கொழிக்கிறது. தையில் நட்டு, கோடையின் நீண்ட பகலில் எண்ணெய் ஏற்றி, பருவமழைக்கு முன்னால் அறுத்துவிடுகிறார்கள். அந்த நீளப் பகல் நமக்குக் கிடையாது. அங்கேயும் மழை பத்து நாள் முந்திவிட்டால் அறுப்புக்கு நின்ற பயிரில் எண்ணெய் குறைந்து, வயலில் தண்ணீர் தேங்கி, முதலுக்கே மோசம். மழை முன்னே பின்னே வருவது இப்போது எங்கும் சகஜமாகிவிட்டது. 2015 டிசம்பர் ஒன்றாம் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர். அதைப் பார்த்தவர்கள் யாரும் பழைய பஞ்சாங்கத்தை அப்படியே நம்பமாட்டார்கள். ஆகவே ஒரே பயிரில் எல்லாக் காசையும் போடாதே. வரப்போரமாக எலுமிச்சம்புல் போடு, வெயிலும் மழையும் மாறிமாறி வந்தால் அதற்குக் கொண்டாட்டம். அதற்கென்றே கேரளாவில் ஓடக்காலியில் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அவர்கள் 'சுகந்தி' என்று ஒரு ரகம் விட்டிருக்கிறார்கள். கிணற்றுத் தண்ணீர் உப்பு என்றால் பாமரோசா புல் தாங்கும். கால் ஏக்கரில் துளசி போட்டுக்கொள், ஆனால் தைக்குப் பிறகு நடு. மழை தொடங்குவதற்குள் அறுப்பை முடி. அறுக்கும் முன்னால் இரண்டு மூன்று நாள் நல்ல வெயில் பட்டிருக்கவேண்டும். கதிரை விடாமல் கிள்ளவேண்டும், இல்லாவிட்டால் இலை நின்றுபோகும்.

இப்போது எனக்கு நிஜமாகவே கவலை கொடுக்கிற விஷயம். 'நாற்று நாங்கள் தருகிறோம், விளைந்ததை நாங்களே வாங்கிக்கொள்கிறோம்' என்று ஒரு கம்பெனி உன்னிடம் பேசியிருக்கிறதாமே? ஏக்கருக்கு இவ்வளவு முன்பணம் என்று கேட்கிறார்களாமே? ஈமு கோழியில் பணம் போட்டவர்களிடமும் இதே வசனத்தைத்தான் பேசினார்கள். கடலோரத்தில் லாவெண்டர் வரும் என்று ஒருவன் உனக்கு நாற்று விற்கிறான் என்றால், அவனுக்கு நாற்று விற்பதில்தான் லாபம், பூ வாங்குவதில் இல்லை. ஒப்பந்தத் தாளை எனக்குப் போட்டோ எடுத்து அனுப்பு. எண்ணெய்ச் சதவீதம் குறைந்தால் வாங்கமாட்டோம் என்று ஏதாவது ஒரு மூலையில் பொடி எழுத்தில் இருக்கும், பார். அக்காவின் வளையலை அடகு வைக்கும் பேச்சு வேறு அடிபடுகிறதாம். அதைக் கேட்டுத்தான் சித்தப்பாவுக்கு ரத்தக்கொதிப்பு. அந்த வளையல் எப்படி வாங்கியது என்று உனக்குத் தெரியும், நான் சொல்லவேண்டியதில்லை.

காசில்லாமல் கேட்கக்கூடிய இடங்கள் இருக்கின்றன. உன் ஊரிலேயே, எலகங்கா போகிற வழியில், லக்னோவைத் தலைமையிடமாகக் கொண்ட சிமாப் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. மூலிகையும் வாசனைப் பயிரும்தான் அவர்கள் தொழிலே. ஒரு சனிக்கிழமை மாலில் சுற்றுவதற்குப் பதில் வேலை நாளில் லீவு போட்டுப் போய்ப் பார். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்திலும் இதற்குத் தனித் துறை உண்டு. எல்லாவற்றுக்கும் முன்னால் நொச்சிக்காட்டில் வெட்டிவேர் போடுகிற பெரியவர்கள் பக்கத்தில் போய் இரண்டு நாள் உட்கார். வாயைத் திறக்காமல் உட்கார், லேப்டாப் வேண்டாம்.

வேலையை விடுவது பற்றி: விடாதே என்று சொல்லவில்லை. உன் முகத்தைப் பொங்கலுக்குப் பார்த்தேனே, பாதிச் சாப்பாட்டில் போனை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாய். அக்கா அதைப் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். உனக்கு அந்த வேலை சலித்துவிட்டது, மண்ணைத் தொடவேண்டும் போல இருக்கிறது, புரிகிறது. ஆனால் வெட்டிவேர் ஒரு வருஷத்துக்கு மேல் காசு தராது. தினமும் உன்னைத் தேடவும் தேடாது. வேர் பிடிக்கிற வரை ஈரம், நடுவில் களை, அவ்வளவுதான், அதற்கு உள்ளூரில் ஒரு ஆளை வைத்துக்கொள்ளலாம். ஆக, அந்த ஒரு வருஷம் சம்பளத்தையும் வாங்கிக்கொண்டு மாதம் ஒரு முறை போய்வா. வேரைத் தோண்டி விற்றுப் பார். அப்புறமும் ஆசை குறையவில்லை என்றால் ராஜினாமாக் கடிதத்தை நானே எழுதித் தருகிறேன். குத்தகைப் பேச்சையும் மழை முடியும் வரை தள்ளிப் போடு. இந்த ஐப்பசி, கார்த்திகையில் அந்த நிலத்தில் தண்ணீர் எத்தனை நாள் நிற்கிறது, எந்தப் பக்கம் வடிகிறது என்று நேரில் பார்க்காமல் ஒரு ரூபாய் கொடுக்காதே. கோடையில் நிலத்தைக் காட்டுகிறவர்கள் மேட்டைத்தான் காட்டுவார்கள்.

இங்கே சேதி வேறொன்றும் இல்லை. வெங்கட்நாராயணா சாலையில் இன்று பெருமாளைப் பார்க்க வரிசை நீண்டு கிடந்தது, வெளியே துளசி மாலை விலை கேட்டுத் திரும்பிவிட்டேன். நம் மாடித் துளசியையே கொண்டுபோய்க் கொடுத்தேன். ரங்கநாதன் தெருப் பக்கம் தீபாவளிக் கூட்டம் இப்போதே தொடங்கிவிட்டது, சித்தப்பா வெளியே போகவே பயப்படுகிறார். அடுத்த வாரம் மயிலாப்பூர் போய் டப்பா செட்டி கடையில் லேகியச் சாமான் வாங்கவேண்டும். அரிசித் திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை எல்லாம் நானே மோந்து பார்த்து வாங்கினால்தான் எனக்குத் திருப்தி. கவிதாவுக்குக் காரம் குறைத்து ஒரு டப்பா தனியாகக் கிண்டுகிறேன். குட்டிக்கு வெல்லம் கூடுதலாக.

தீபாவளிக்கு வருகிறபோது இரண்டு நாள் முன்னதாகவே வா. நாம் இரண்டு பேரும் காலை பஸ்ஸில் கடலூர் போய் அந்த நிலத்தைப் பார்த்துவிட்டு வரலாம். மழையாக இருந்தால் இன்னும் நல்லது, குடை நான் எடுத்து வருகிறேன். அக்காவிடம் நான் வருவதாகச் சொல்லிவிட்டேன், அவளும் கொஞ்சம் அமைதியாக இருக்கிறாள். அதுவரைக்கும் அந்தக் கம்பெனிக்காரன் போன் செய்தால் சித்தியைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல். அவன் நம்பரை எனக்கு அனுப்பினாலும் சரி, நானே பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் பத்மா சித்தி